கன்ட்ரோல் குழாயில் என் இரத்தம்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புதிதாக வந்திருக்கும் இயந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இரத்தக் குப்பியை உள்ளே வைத்தால் போதுமாம். எத்தனை வினாடியில் உறைகிறது என்று அதுவே பார்த்துத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுமாம்.

"நீங்கள்லாம் கையிலயா செஞ்சீங்க அக்கா? தப்பு வராதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வந்துச்சு" என்றேன். தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்கு இந்த வயதிலும் வராது. எழுதினால் ஒருவேளை வரும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும்தான். எழுபதுகளின் நடுவில், பினாங்கில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். ஒரு வருடம் வார்டு வார்டாகப் போய் இரத்தம் எடுத்தேன். பிறகு உறைதல் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

உட்கார வைத்தவர் எங்கள் தலைமை டெக்னீசியன் நவரத்தினம் சார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம் என்றாலும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. எங்களையெல்லாம் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். பெண்கள் என்றால் "பிள்ளை." காலை எட்டு மணிக்கு வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வருவார். எங்கள் வெந்நீர்த் தொட்டியின் வெப்பமானியை அவர் நம்பமாட்டார். தன் பையிலிருந்து சொந்த வெப்பமானியை எடுத்து முக்கிப் பார்ப்பார். முப்பத்தேழு இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். நம் இடது தோளுக்குப் பின்னால் வந்து நின்றாலும் மூச்சுச் சத்தம் கேட்காது. செய்தது பிடிக்காவிட்டால் "திரும்ப" என்று ஒரே சொல். ஏன் என்று கேட்கக் கூடாது.

"கதைக்காத பிள்ளைதான் இந்த மேசைக்கு வேணும்" என்று சொல்லி என்னை அங்கே உட்கார வைத்தார். என் வாழ்க்கையில் வாய் பேசாததற்காக எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அது.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஊற்றிய சின்னக் குப்பியில் வரும். அதைச் சுழல வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரை மெல்லிய கண்ணாடிக் குழலில் வாயால் உறிஞ்சி எடுப்போம். ஆமாம், வாயால்தான். அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தோம். கையுறையும் கிடையாது. உறிஞ்சியதை வெந்நீர்த் தொட்டியில் நிற்கும் சோதனைக் குழாயில் விட்டு, உறைய வைக்கும் மருந்தைச் சேர்த்து, அதே நொடியில் கடிகாரத்தை அழுத்த வேண்டும். பிறகு குழாயைக் கையில் எடுத்து விளக்குக்கு முன்னால் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருக்க வேண்டும். தண்ணீர்போல ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளும். அந்த நூல் கண்ணில் பட்டதும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

நோயாளியுடையதைச் செய்வதற்கு முன்னால், நோய் இல்லாத ஒருவருடைய இரத்தத்தை இதே மாதிரி செய்து பார்ப்போம். அதுதான் கன்ட்ரோல். நோயாளியின் வினாடியைக் கன்ட்ரோல் வினாடியால் வகுத்து வரும் எண்ணைச் சீட்டில் எழுதி வார்டுக்கு அனுப்புவோம். உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே இருந்தால், இரத்தம் கட்டிவிடும் என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். மூன்றைத் தாண்டினால், உள்ளே கசிந்துவிடும் என்று குறைப்பார்.

அந்த நோய் இல்லாத ஒருவர் நான்தான். என் இரத்தம் தினமும் பதின்மூன்று வினாடியில் உறைந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஆரம்பத்தில் வேறு சிலரிடமும் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் பன்னிரண்டு, ஒருவர் பதினாலு என்று ஏறி இறங்கியதால் சார் என்னுடையதையே வைத்துக்கொண்டார். காலையில் லெட்சுமி அக்கா என் கையில் ஊசி குத்தி இரண்டு மில்லி எடுப்பார். லெட்சுமி அக்கா எங்கள் கூடத்தின் மூத்த உதவியாளர். வாய் ஓயாதவர். "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இதையும் சொல்லு கமலா, ஒன் ரத்தம் கடிகாரம் மாதிரின்னு" என்பார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

சுவரில் சார் தன் கையால் எழுதி ஒட்டிய விதி ஒன்று இருந்தது. கன்ட்ரோல் பதினாலைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு அவரிடம் வந்து சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் மழை தொடங்கும் சமயத்தில் சாகுல் பாய் வார்டுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் கறி ஊற்றிக் கொடுக்கும் வேலை. முப்பது வருடமாக நின்றே வேலை பார்த்தவர். சிகரெட் நிறைய. இருபது அடி நடந்தால் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். கடைசியில் படுத்திருந்தாலும் வலித்து, பாதம் நீலம் பாய்ந்த பிறகுதான் வந்தார். தொடையில் இரத்தக் குழாய் அடைத்திருந்தது. மறு காலிலிருந்து ஒரு இரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு இரத்தம் போக வழி வைத்துத் தைத்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே அது பெரிய அறுவை.

அறுவை முடிந்த அன்று அவர் இரத்தத்தை நான்தான் எடுத்தேன். மூன்று குப்பி. ஒன்று இரத்த அளவுக்கு, ஒன்று பொட்டாசியத்துக்கு, ஒன்று தசை நொந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு பொருளைப் பார்க்க. பட்டினி கிடந்த காலுக்குள் திடீரென்று இரத்தம் பாயும்போது, அழிந்த தசையிலிருந்து பொட்டாசியம் கிளம்பி வந்து இதயத்தை நிறுத்திவிடலாம் என்று சார் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் அவசரமாக, மெல்லிய ஊசியால் இழுத்து எடுத்தேன். பொட்டாசியம் பயங்கரமாக ஏறி வந்தது. வார்டுக்கு ஃபோன் செய்யப் போனவர்களைச் சார் நிறுத்தினார். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே நின்ற நீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது காலின்ட பிழை இல்லை. கையின்ட பிழை. இழுத்த இழுவையில சிவப்பணு உடைஞ்சு போச்சு. திரும்ப எடும்."

திரும்ப எடுத்தேன். பொட்டாசியம் சரியாக இருந்தது. தசைப் பொருள் இரண்டு நாள் ஏறி, மூன்றாம் நாளிலிருந்து இறங்கியது. பிழை என்றால் முதலில் என் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் எனக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. அதுவே பிறகு கெடுதலாகவும் முடிந்தது.

பாய் நன்றாகத் தேறினார். பாதம் சூடாகிவிட்டது. தினமும் காலையில் நான் போனதும் போர்வையை விலக்கிக் காட்டுவார்.

"தொட்டுப் பாரு தங்கச்சி. அடுப்புல வெச்ச சட்டி மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் பாய், கைய நீட்டுங்க."

"நேத்து எடுத்த ரத்தத்த என்னா செஞ்ச? எவனுக்காச்சும் கறியில ஊத்திட்டியா?"

அவர் மனைவி மரியம் அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "சும்மா இருங்களேன், அந்தப் பொண்ணு பயந்துக்கும்" என்பார். இந்த வழி மறுபடி அடைக்காமல் இருக்கத்தான் பாய்க்கு மாத்திரை. அதனால் தினமும் அவர் எண்ணை நான் பார்க்க வேண்டும். முதல் நாள் அவருடையது இருபத்திரண்டு வினாடி, என்னுடையது பதின்மூன்று. ஒன்றே முக்கால்கூட இல்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அது சரியான முடிவுதான்.

அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து காலை ஃபெரியில் வருவேன். வழக்கமாகக் காற்று நன்றாக இருக்கும். அந்த நாட்களில் எஞ்சின் எண்ணெய் வாசனை பட்டாலே வயிறு புரட்டியது. சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊறுகாய் மட்டும் நாக்கில் பட்டால் தேவலாம் போலிருந்தது. ஒரு நாள் கூடத்தின் பின்பக்கக் குழாயடியில் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது லெட்சுமி அக்கா நின்றிருந்தார்.

"என்னடி?"

"ஒன்னும் இல்லக்கா. காலைல சாப்பிடல."

"சாப்பிடாம வாந்தி எடுக்குற. ஊறுகாய டப்பாவுல போட்டுக்கிட்டு வர்ற." என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு மூணு புள்ள கமலா. பாத்தா தெரியாதா? அம்மாவுக்குத் தெரியுமா?"

எனக்கு இருபத்துமூன்று வயது. தைப்பிங்கிலிருந்து ஒரு குடும்பம் அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இல்லை அக்கா, அப்படி ஒன்றும் இல்லை என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பேசாமல் போனதால் அவர் அது உண்மை என்றே முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து வாந்தி வந்தால் அடக்கிக்கொண்டேன். உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்கூட. சொன்னால் டாக்டரிடம் போ என்பார்கள், போனால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று பயம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் என்ன வெயில் என்று எனக்கே தோன்றவில்லை.

பாய்க்கு மாத்திரையைக் கூட்டிய மறுநாள் என் கன்ட்ரோல் பதினைந்து காட்டியது. விதிப்படி சாரிடம் போய்ச் சொன்னேன். வந்து தொட்டியில் வெப்பமானியை முக்கினார். புது மருந்துப் புட்டியை உடைக்கச் சொன்னார். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் பதினைந்து.

"மருந்து சரி. தண்ணீர் சரி." என் கையைப் பார்த்தார். "உம்மட கை மெதுவாப் போகுது பிள்ளை. மனசு வேலையில இல்லை."

அவரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் குழாயைச் சாய்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. கண்ணில் புரை. நூல் விழுவது அவருக்குத் தெரியாது. கூடத்தில் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மனசு வேலையில் இல்லை என்பது உண்மைதானே. அன்றைய சீட்டு அந்தப் பதினைந்தை வைத்தே போனது.

அன்று வீட்டில் ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துச் சாய்த்துப் பழகினேன். மறுநாள் பதினாறு.

இனி எழுதப் போவதை இத்தனை வருடமும் ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. பதினாறு காட்டிய அன்று நான் சாரிடம் போகவில்லை. மறுபடி ‘உம்மட கை’ என்பார், மேசையிலிருந்து எழுப்பிவிடுவார், திரும்பப் பாட்டில் கழுவப் போனால் லெட்சுமி அக்காவுக்குப் பக்கத்தில்தான் நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆகவே, அவர் வருவதற்கு முன்பே கன்ட்ரோலை முடித்து வைக்கத் தொடங்கினேன். மேசை நோட்டில் வினாடியைச் சின்னதாகப் பென்சிலால் எழுதினேன். வகுத்து வந்த எண் மட்டும்தான் சீட்டில் இருக்கும். சார் சீட்டில் கையெழுத்துப் போடுவார். நோட்டை மாதக் கடைசியில்தான் பார்ப்பார்.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கை மெதுவாகப் போனால் இரண்டு குழாயிலும் மெதுவாகத்தானே போகும்? வகுத்தால் சரியாகிவிடும். நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடக் கணக்குப்படி அதில் தப்பு இல்லை. கைதான் காரணம் என்றால்.

பதினைந்து காட்டிய அன்றைக்குப் பாயுடையது இருபத்தெட்டு. வகுத்தால் இரண்டுக்குக் கீழே. மாத்திரையைக் கூட்டினார்கள். பதினாறு காட்டிய அன்றைக்கு முப்பத்துமூன்று. இரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் வேண்டும் என்று மறுபடி கூட்டினார்கள். இப்படி ஒரு வாரம். நான் அனுப்பிய ஒவ்வொரு சீட்டும் ‘போதவில்லை, போதவில்லை’ என்று வார்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு காலை, பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, கல்யாணப் பொண்ணு மாதிரி மஞ்சக் குளிச்சிருக்க?"

நான் தினமும் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவள். அம்மாகூட முந்தின நாள்தான் "கொஞ்சமாப் பூசுடி, வேலைக்குப் போற பொண்ணு" என்று சொல்லியிருந்தார். கூடத்தில் குழல் விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் ஒரே வெளுப்புதான். ஊசியைக் குத்தினேன்.

அதற்கு அடுத்த காலை. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். வழக்கமாக இரண்டு நிமிடம் போதும். பஞ்சைத் தூக்கினால் இரத்தம் வந்தது. மறுபடி அழுத்தினேன். ஐந்து நிமிடம். மறுபடி வந்தது. முந்தின நாள் குத்திய இடம் நாவல்பழம் நசுக்கியதுபோல முழங்கைவரை கறுத்திருந்தது.

"காலைல பல்லு வெளக்குனா வாயெல்லாம் ரத்தம்" என்றார் மரியம் அக்கா. "டாக்டர்கிட்ட சொன்னேன். ரத்தச் சீட்டப் பாத்துட்டு, இன்னும் போதலங்கிறாரு."

"பிரஷ்ஷு புதுசுலா. அதான்" என்றார் பாய். ஆனால் அவர் குரலில் அந்தப் பழைய தெம்பு இல்லை. தொடையில் தையல் போட்ட இடம் பாரமாக இருக்கிறது என்றார்.

கால் மணி நேரம் அழுத்திக்கொண்டு நின்றேன். சீட்டு போதாது என்கிறது. என் விரலுக்கடியில் இரத்தம் நிற்கமாட்டேன் என்கிறது. இரண்டில் ஒன்று பொய். இத்தனை நாளும் நான் என் கையைத்தான் பொய் என்று நினைத்தேன். பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன். வேறு எதையோ சந்தேகிக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

கூடத்துக்கு வந்து இரண்டையும் செய்தேன். என்னுடையது பதினெட்டு. பாயுடையது நாற்பத்தேழு. வகுத்தால் இரண்டு புள்ளி ஆறு. சீட்டில் பார்த்தால் அழகான எண். அனுப்பினால் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

எனக்கு வேறு ஒருவருடைய இரத்தம் வேண்டும். லெட்சுமி அக்காவிடம் கேட்க நெஞ்சு வரவில்லை. மற்றவர்கள் வார்டுகளுக்குப் போயிருந்தார்கள். சாரின் அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் போய் நின்றேன். எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது.

"என்ன பிள்ளை?"

"சார், உங்க கை வேணும்."

"என்ன?"

"ரத்தம் சார். கன்ட்ரோலுக்கு."

பேனாவை மூடி வைத்தார். "ஏன், உம்மட ரத்தத்துக்கு என்ன?"

"தெரியல சார். என் கை மெதுவா இருந்தா உங்க ரத்தத்துலயும் மெதுவாத்தான் வரும். வரலன்னா..."

நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டைக் கையை மூன்று மடிப்பாக மடித்தார். "எடும்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசிக்குப் பயந்தவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குப்பி சுழன்று நின்றதும் அவர் எழுந்து வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்றார். குழாயைச் சாய்த்தேன். நூல் விழுந்தது. பதின்மூன்று. அதே கையால் மறுபடி செய்தேன். பதின்மூன்று. பிறகு என்னுடையது. பதினெட்டு.

"பாயின்டையை எழுதும்."

நாற்பத்தேழு என்று எழுதினேன். அவர் பேனாவை வாங்கிப் பதின்மூன்றால் வகுத்தார். மூன்று புள்ளி ஆறு.

"இஞ்ச வாரும்."

என்னை ஜன்னலோரம் நிறுத்தி, மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, கட்டை விரலால் என் கீழ் இமையை இழுத்தார். புரை விழுந்த கண்ணுக்கே தெரிந்திருக்கிறது.

"கண் முழுக்க மஞ்சள். எத்தினை நாளா?"

"பத்துப் பதினைஞ்சு நாளா சாப்பிட முடியல சார். வாந்தி."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

பின்னால் தட்டு விழும் சத்தம் கேட்டது. லெட்சுமி அக்கா. "அடிப்பாவி, காமாலையாடி ஒனக்கு? நான் என்னென்னமோ..." என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

சார் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சட்டைக் கை மடித்தபடி, ஊசி குத்திய இடத்துப் பஞ்சு படிக்கட்டில் விழ, அவர் வார்டுக்கு ஓடினார்.

எனக்கு ஈரலில் தொற்று. வாயால் உறிஞ்சிய ஏதோ ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஈரல் கெட்டால் இரத்தம் உறைவதும் தாமதப்படும். நோய் இல்லாத ஒருவர் என்று என்னை வைத்து எல்லாரையும் அளந்துகொண்டிருந்த அந்த வாரம் முழுவதும் நான்தான் நோயாளி. அதே மருத்துவமனையில் தனி அறையில் போட்டார்கள்.

பாய்க்கு அன்று மதியமே தொடைத் தையலுக்குள் இரத்தம் கசிந்து வீங்கிவிட்டது. டாக்டர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. மாத்திரையின் வேலையை முறிக்கும் மருந்தைக் கொடுத்தால் கசிவு நிற்கும், ஆனால் புதிதாகத் தைத்த வழி அடைத்துப் போகலாம். கொடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. மாத்திரையை நிறுத்தி, வேறு ஆட்களின் பிளாஸ்மாவை ஏற்றி, மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சார் தினமும் இரண்டு தடவை என் அறைக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே விடமாட்டார்கள். சீட்டைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக் காட்டுவார். முதல் நாள் மாலை இரண்டு புள்ளி ஒன்பது. மறுநாள் இரண்டு புள்ளி ஒன்று. அடுத்த நாள் ஒன்றரை. எண் இறங்க இறங்க என் பயம் ஏறியது. நாலாம் நாள் காலை அவர் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். ‘கால் குளிர்’ என்று எழுதியிருந்தது.

அன்று மாலை அவர் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கொண்டுவந்த கஞ்சி ஆறிப்போனது. என் பாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. மறுநாள் பத்து மணிக்குத்தான் சார் வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. மறுபடி அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோய், வழியை அடைத்த இரத்தக்கட்டியை எடுத்திருக்கிறார்கள். சீட்டில் ‘சூடு’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ‘இரண்டு விரல் போகும்.’

நான் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பாயின் அந்தக் கால்விரல்கள் இரண்டும் போயிருந்தன. தைப்பிங் குடும்பமும் வரவில்லை. மேசைகளில் வாயால் உறிஞ்சுவது நின்று, ரப்பர்க் குமிழ்கள் வந்திருந்தன. ஒவ்வொரு காலையும் ஐந்து பேர் இரத்தத்தைக் கலந்து கன்ட்ரோல் செய்தார்கள். சார் பெரிய டாக்டருக்கு அறிக்கை எழுதியதை லெட்சுமி அக்கா சொன்னார். ஒரே ஆளின் இரத்தத்தை வைத்தது தன் முடிவு, பிழை தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தாராம். என் நோட்டில் பென்சிலால் எழுதிய அந்த ஒரு வார எண்களை அவர் கட்டாயம் பார்த்திருப்பார். அதைப் பற்றி அறிக்கையிலும் எழுதவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெறும் வரை நானும் வாய் திறக்கவில்லை.

பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் சோதனைக்கு வந்த முதல் நாள் அது. கைத்தடி ஊன்றி நடந்தார். இனி கடையில் உட்கார்ந்துதான் கறி ஊற்ற முடியும் என்றார். ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "பாய், அந்த ஒரு வாரச் சீட்டு எல்லாம் தப்பு. என் ரத்தத்துக்குச் சீக்கு இருந்துச்சு. எண்ணு மறுபடி ஏறினப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கணும். நான் சொல்லல" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். சிரிக்கவில்லை. நீட்டியிருந்த கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். மரியம் அக்கா தரையைப் பார்த்தார். வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இன்னிக்கு யாரு ரத்தம்?" என்று கேட்டார்.

ஐந்து பேரின் பெயரைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

"ஒன்னோடது?"

"இல்ல பாய். இனிமே எப்பவும் இல்ல."

அதற்குப் பிறகு பல வருடம் மாதம் ஒரு முறை வந்தார். கடை, மழை, பேரப்பிள்ளை என்று பேச்சும் கேலியும் மெல்லத் திரும்பி வந்தன. ஆனால் நான் ஊசியை எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு யாரு யாரு?" என்று கேட்பார். அதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நானும் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐந்தாவது பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் சட்டைக் கையை மேலே தள்ளுவார்.